வாழ வந்தவள்

கல்யாணமாகி வருகிற பெண்ணை 'வாழ வந்தவள்' என்கிறோம். நாற்பது வருடம் அந்த வீட்டில் சமைத்து, பெற்று வளர்த்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பிறகும் ஒரு சண்டையில் 'வந்தவதானே நீ' என்று சொல்லிவிட முடிகிறது. வசிப்பது வேறு, உரிமை வேறு என்று பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

குடியுரிமைச் சட்டம் இதையே ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. 12 ஆண்டு இங்கே வாழ்ந்த அயல்நாட்டவர் இயல்புரிமையாகக் குடியுரிமை கோரலாம். நிரந்தரவாசி என்ற இடைப்படி சாமானியருக்கு இல்லை. 2016இல் அப்படி ஒன்று வந்தபோது குறைந்தது 10 கோடி ரூபாய் முதலீடு செய்பவருக்காக வந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தமோ 'சட்டவிரோதக் குடியேறி'க்கு அந்த வாசலை அடைத்தது. ஆவணமின்றிப் படகில் வந்து இறங்கியவர் எத்தனை காலம் வாழ்ந்தாலும் கணக்கு தொடங்குவதே இல்லை.

திருச்சி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கும் ஊர்கள் கொட்டப்பட்டும் வாழவந்தான்கோட்டையும். இரண்டாவது ஊரின் பெயரை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை. அங்கே பலருடைய முன்னோர் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்தே போனவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. திருச்சி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரங்களில் முடிவெடுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 2022இல் அதே நீதிமன்றத்துக்குப் போய் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். அதே தாய்க்கு 1988இல் இன்னொரு பிள்ளை பிறந்திருந்தால் அது அயலார். பிரசவ வலி ஒன்றுதான்.

நாட்டுக்குத் தன் வாசலைக் காக்கும் உரிமை இல்லையா என்று மாணவிகள் கேட்பார்கள். உண்டு. ஆனால் உள்ளே விட்டு, வேலை வாங்கி, முப்பது வருடம் கழித்தும் வாசலையே காட்டிக்கொண்டிருப்பது காவல் அல்ல, அதிகாரம். குடிமக்கள் தம்மோடு வாழும் குடியுரிமையற்றவர்களை ஆள்வது கொடுங்கோன்மையின் ஒரு வடிவம் என்று மைக்கேல் வால்ஸர் 1983இலேயே வாதிட்டார். எங்கள் ஸ்ரீரங்கத்தில் டெல்லி சுல்தானின் மகள் என்று மரபு சொல்லும் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு, ரொட்டி நைவேத்யமும் உண்டு. விக்கிரகம்தான் இல்லை, சித்திரமாக இருக்கிறாள். இடம் கொடுப்பதிலும் இப்படி ஒரு அளவு வைத்திருக்கிறோம்.

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. இனி சிறைக்குப் பயப்படாமல் இருக்கலாம், அவ்வளவுதான். குடியுரிமை பெற்ற ஒருத்தி முகாமில் ஒருவனைக் கட்டிக்கொண்டு இன்று பிள்ளை பெற்றால், அவன் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கும்வரை, 2004 டிசம்பருக்குப் பிறகான விதிப்படி அந்தப் பிள்ளை பிறப்பால் இந்தியக் குடி ஆகாது. தாயின் குடியுரிமை அங்கே போதவில்லை.