பெட்டி கைமாறினால் பொறுப்பும் கைமாறுமா?



ஈசூனில் வசிக்கும் என் தமக்கை மகன் சென்ற மாதம் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்ததும் என் வீடு தேடி வந்தான். வேலையை விட்டுவிட்டு, நண்பர் இருவரோடு மொத்த வியாபாரம் தொடங்கப் போவதாகச் சொன்னான். பெயர்பெற்ற மார்க்குகளின் சட்டை, தொப்பி, கைப்பை ஒரு பக்கம். பீர், ஒயின், விஸ்கி மறுபக்கம். "மாமா, துஆச் செய்யுங்கள். இருபதாயிரம் வெள்ளி கடனாகவும் தாருங்கள்" என்றான்.

அவன் ஐவேளைத் தொழுகையாளி. மதுவை முகர்ந்தும் பாராதவன். ஆதலின் அவன் சொன்ன மூன்று நியாயங்களை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் வாலிபர் பலருடைய உள்ளத்திலும் இவை இருக்கலாம். எனவே இங்கே ஆராய்வோம்.

முதலாவது, "சட்டம் அனுமதிக்கிறது" என்பது. உண்மைதான். சிங்கப்பூரில் மதுவை மொத்தமாக விற்கக் காவல் துறையிடம் லைசென்ஸ் பெறலாம். ஆனால், லைசென்ஸ் நற்சான்றிதழ் ஆகுமா? விஸ்கியில் அடங்கிய சாராயத்துக்கு லிட்டருக்கு 88 வெள்ளி கலால் வரி விதிப்பதும் இதே அரசாங்கம்தான். நூற்றுக்கு 40 பங்கு சாராயம் கொண்ட 700 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுக்கு இந்த வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு. அரிசிக்கும் துணிக்கும் இப்படி வரி உண்டா? 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் குடிப்பதைத் தடுக்கிறது. தீங்கை அறிந்தே போடப்பட்ட வேலி இது. வேலிக்குள் இருப்பதால் புலி பசுவாகிவிடாது.

இரண்டாவது, "நான் குடிக்கவில்லை, குடிப்பவனுக்கு விற்கவுமில்லை. கிடங்கிலிருந்து கடைக்குப் பெட்டி அனுப்புகிறேன், அவ்வளவுதான்" என்பது. இந்த ஊரில் இது புதிய வாதமன்று. 1820ஆம் ஆண்டில் இங்கே ரெசிடெண்டாக இருந்த ஃபார்குவார், அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் காவல் படையை நடத்தினார். ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கு, அபின் புகைத்துச் சுருண்டு கிடந்த கூலியாளின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மருமகனைக் குறை கூற எனக்குத் தகுதி உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், கடையின் ஒரு மூலையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவர் அங்கே பீர் விற்றார். "நமக்கு வாடகைதானே" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக் கொண்டேன். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்குமிடத்தில் பஸ் மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது. மூட்டியது அந்த விபத்து. எனினும், அது பெரிதாக மதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அன்றிரவு அங்கே நின்றவர்களில் எத்தனை பேர் என் கடை மூலையில் வாங்கிக் குடித்தவர்களோ, யான் அறியேன். அறியாமல் இருந்ததுதான் எனக்கு வசதியாக இருந்தது. அந்த மாத வாடகையை எண்ணும்போது கை கூசிற்று. மூலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உண்டுவிட்ட வாடகையை என்ன செய்வது?

மது விஷயத்தில் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸில் காண்கிறோம். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் யாவரும் அதில் அடங்குவர். குடிப்பவர் அப்பத்தில் ஒருவரே! தொலைவில் நிற்பதால் பார்வை குறையுமேயன்றிப் பொறுப்புக் குறையாது.

மூன்றாவது, "சட்டைப் பிரிவை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், மதுக் கணக்கு கூட்டாளியுடையது" என்பது. கிடங்கு ஒன்று, லாரி ஒன்று, முதல் ஒன்று. கணக்குப் புத்தகம் மட்டும் இரண்டா? கோடு போட்டால் அது போட்ட இடத்திலேயே நிற்குமா என்பதையும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது மொத்த விற்பனைக்காகவே. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன.

"அப்படியானால் மதுப் பெட்டி ஏற்றும் லாரி டிரைவரும் பாவியா, மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மாற்று மதத்தவருக்காகக் கூலிக்குச் சுமப்பவனின் கூலியை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அவர்களுடைய மாணவர் இருவரோ அதை வெறுத்தார்கள். சுமப்பதில் இந்தக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு முஸ்லிம் மது விற்பதில் அது இல்லை. வயிற்றுக்காக ஏவியதைச் செய்பவனையும், எதை விற்பது என்று தானே தேர்ந்துகொள்ளும் முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

மதுவில் பயனே இல்லை என்று திருமறை கூறவில்லை. மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, பாவமோ அவற்றினும் பெரிது என்றே அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. ஆகவே அவனிடம் லாபம் வராது என்று நான் சொல்லவில்லை. "மதுவை நீக்கிவிட்டு வா, தம்பி. இந்த இருபதாயிரம் கடனாக வேண்டாம், பங்காக இருக்கட்டும். நஷ்டம் வந்தால் எனக்கும் நஷ்டம்" என்றேன். வெகுநேரம் மௌனமாக இருந்து, "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து போனான். இன்னும் பதில் வரவில்லை. பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

சகோதரர்களே! ஹராம் என்று தீர்ப்புக் கூற வாய் போதும். ஹலாலான தொழிலுக்கு வழிசெய்யக் கையும் நீள வேண்டும். விலக்கச் சொல்லும் நாம், விலக்கியவனுடைய நஷ்டத்தில் பங்கு கொள்ளாவிடில், நம் உபதேசமும் மலிவான சரக்கே.

அவன் வாழும் ஈசூன், அன்னாசியும் ரப்பரும் பயிரிட்ட லிம் நீ சூன் என்ற வியாபாரியின் பெயரைத் தாங்கியது. வியாபாரியின் பெயர் அவர் விற்ற சரக்கோடு சேர்ந்தே நினைக்கப்படும். நம் பிள்ளைகளின் பெயர் நல்ல சரக்கோடு சேர்ந்து நிற்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.