வதரிக்குப் போகும் வயது

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாரீஸ் நகரில் வாழும் நம் மருமான் சென்ற ஆவணியில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, வடநாட்டுத் திவ்ய தேச யாத்திரையை இப்போதே செய்துவிடலாமா? அல்லது ஓய்வு பெற்றபின், அருளிச்செயலை ஒருவாறு கற்றுக்கொண்டு, நிதானமாகப் போகலாமா?" அவனுக்கு வயது முப்பத்தேழு. இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன், ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுப்பு. நாம் சற்றும் யோசியாமல், "கடமைகள் முடியட்டும், அப்பா. பதரி எங்கே போய்விடப் போகிறது?" என்று சொல்லிவிட்டோம். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் உட்கார்ந்தவன் வாயில் வேறென்ன வரும்? இன்றைய செலவைத் தள்ளிவை, நாளை வட்டியோடு அனுபவி என்று எத்தனை வாடிக்கையாளருக்குச் சொல்லியிருப்போம்!

மறுநாள் காலை அநுஸந்தானத்தில் முறையாக வந்து நின்றது பெரிய திருமொழி முதற்பத்தின் மூன்றாம் திருமொழி. பாகவதர்கள் அறிந்ததே, திருமங்கையாழ்வார் பதரிகாச்ரமத்துக்கு அருளிய இரண்டு பதிகங்களில் முதலாவது. முதுமையின் அடையாளங்களை ஆழ்வார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். கோலை ஊன்றி, அடி வைக்கும் இடத்தையே பார்த்துக் குனிந்து, நாலடி நடந்து உட்கார்ந்து இளைப்பது ஒரு பாசுரம். இருமுவதும், அதைக் கண்டு இளையவர்கள் பரிகசிப்பதும் அடுத்தது. பின்னும் நரம்பு புடைத்தல், கண்ணில் பீளை வடிதல், முழங்கால் ஒன்றோடொன்று முட்டல் என்று போகிறது. இவை வருமுன் வதரியை வணங்குவோம் என்பதே பதிகத்தின் பல்லவி போன்ற முடிபு. 'நீங்கள் போங்கள்' என்று அவர் உபதேசிக்கவில்லை. தம்மையும் சேர்த்துக்கொண்டு தன்மைப் பன்மையில் பேசுகிறார். நாற்பதாண்டுகளாகச் சொல்லிவரும் பாசுரங்கள்தாம். முதல்நாள் தொலைபேசியில் மருமானுக்குச் சொன்ன பதில் அன்று தொண்டையில் முள்ளாய் நின்றது.

இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. பெரிய திருமொழியில் திருமந்த்ரத்தைக் கண்டுகொண்ட முதல் திருமொழியை அடுத்து, ஆழ்வார் நேரே இமயத்துக்குப் போய்விடுகிறார். இரண்டாவது திருப்பிரிதி, மூன்றும் நான்கும் பதரி, ஐந்து ஸாளக்ராமம், ஆறு நைமிசாரண்யம், ஏழு சிங்கவேள்குன்றம், அதன்பிறகே திருவேங்கடம். தம் சொந்தச் சீமையான திருவாலி மூன்றாம் பத்தில்தான் வருகிறது. காரைக்காலில் இருக்கும் நமக்குக் கூப்பிடு தொலைவான திருக்கண்ணபுரத்துக்கு எட்டாம் பத்து முழுவதையும், நூறு பாசுரங்களை, அருளினார். நாகைக்கு ஒன்பதாம் பத்தில் ஒரு திருமொழி. யாத்திரையே இந்த வரிசையில்தான் நடந்தது என்று ஸாதிக்க நாம் வரவில்லை. ஆனால் பாசுரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை இது: எட்டாத தூரமும் ஏற முடியாத மலையும் முதலில், வீட்டு வாசல் பிறகு. நாம் எல்லோரும் போடும் திட்டம் இதற்கு நேர்மாறானது. அருகில் உள்ளவற்றை இப்போது ஸேவிப்போம், வடநாடு ஓய்வுக்குப்பின் என்கிறோம். பதரி 3,100 மீட்டருக்கு மேல். ஸாளக்ராமமான முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். எந்த வயதில் எதை ஏறுவது என்று ஒரு பள்ளிப்பிள்ளையைக் கேட்டாலும் ஆழ்வாரின் வரிசையைத்தான் சொல்லும்.

யாத்திரையை முதுமைக்கு ஒத்திப்போடுவதன் அடியில் ஒரு ஸித்தாந்தப் பிழையும் இருப்பதாகத் தோன்றுகிறது. கண்ணை மூடுமுன் ஒருமுறை பதரி ஸேவித்துவிட வேண்டும் என்று சொல்லும்போது, அதை மோக்ஷத்துக்குச் செலுத்தும் கடைசித் தவணையாக நினைக்கிறோம். ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயம்; நம் நடை உபாயம் அன்று. அப்படியானால் திவ்ய தேச யாத்திரை எதற்கு? அநுபவத்துக்கு, கைங்கர்யத்துக்கு. தவணையை முடிவு நாளில் கட்டலாம், குற்றமில்லை. அநுபவத்தை, பல் விழுந்தபின் கரும்பு தின்போம் என்று யாராவது எடுத்து வைப்பார்களா?

இப்போது நம் கதை. வங்கி அதிகாரிகளுக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. நான்காண்டுத் தொகுதிக்குள் குடும்பத்தோடு போய்வரலாம், போகாமல் பணமாகவும் பெறலாம். 1989-இல் அம்மா முதன்முதலாகக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. இருமலும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. இந்தப் பதிகம் அவளுக்கு மனப்பாடம். நமக்கே அவள் சொல்லிக்கொடுத்ததுதான். "அடுத்த தொகுதியில் பார்ப்போம், அம்மா" என்றோம். அந்தத் தொகுதியின் பணம் வீட்டு மாடிக்குப் போயிற்று. அடுத்தது பெண்ணின் படிப்புக்கு. அதற்கடுத்ததன் பணம் எதற்குப் போயிற்று என்பது நினைவில்கூட இல்லை. 2006-இல் அம்மா பரமபதித்தாள். கடமைகள் தடுத்தன என்று சொல்லிக்கொள்ளலாம். பலருக்கு உண்மையாகவே தடுக்கின்றன. படுத்த படுக்கையான பெற்றோரை விட்டுவிட்டு ஒருவன் பதரிக்குப் புறப்பட்டால், அவன் விட்டுப்போவதும் ஒரு கைங்கர்யத்தையே. நம் கணக்கில் அந்தச் சலுகை கிடையாது. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக நாம் யாத்திரையை விடவில்லை. அவளை அழைத்துப் போயிருக்கலாம்.

இவ்வூரில் இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. காரைக்கால் பயணத்துக்கு அஞ்சிய ஊர் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து ரெயூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினார்கள். பிறகு உத்தியோகம் தேடிச் சைகோன் போனார்கள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றபின்னும் பிரான்ஸ் போய்க் குடியேறினார்கள்; நம் மருமானும் பிழைப்புக்காக அங்கே இருப்பவனே. வயிற்றுக்காகப் புறப்பட்டவர் யாரும் அறுபது வயது ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை. பெருமாளுக்கு மட்டும் மீந்துபோன உடம்பு போதும் என்று நாம்தான் தீர்மானிக்கிறோம்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு வைகாசியில் புறப்பட்டோம். அகத்துக்காரிக்கு மூச்சு முட்டியதால் ஜோஷிமட்டிலேயே தங்கிவிட்டாள்; அவள் பதரியை இன்றுவரை ஸேவிக்கவில்லை. நாம் தனியே மேலே போனோம். பேருந்து நிலையத்திலிருந்து அலகநந்தாவின் பாலம் வரை மூன்று இடங்களில் உட்கார்ந்தோம். கையில் கோல். மூன்றாவது இடத்தில் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல் பாசுரத்தை நாமே நடித்துக்கொண்டிருப்பது புரிந்தது. ஸந்நிதியில் இருபது பாசுரங்களையும் விண்ணப்பிக்க ஆசைப்பட்டோம். மூன்றாவதோடு மூச்சு நின்றது, பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டோம். ஸேவித்தோம், மறுக்கவில்லை. குறை பெருமாளிடம் இல்லை.

மருமான் சொன்ன மற்றொரு காரணத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கற்றபின் போகலாம் என்றான். கல்லாமல் இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய்ப் படம் பிடித்துத் திரும்பும் பிள்ளைகள் ஸேவித்தார்கள் என்று சொல்ல நமக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்றேனும் ஒருநாள் இந்தத் திருமொழியைக் கற்கும்போது, அந்தப் பனியும் ஆற்றின் இரைச்சலும் அவன் கண்முன் வரும். மீதி வாழ்நாள் முழுவதும் பாசுரத்தோடு வரும். நாமோ நாற்பதாண்டு பாசுரத்தைச் சொன்னோம், இடத்தை அறியாமல். இடத்தை அறிந்தபின் சொல்வதற்கு எத்தனை ஆண்டு மிச்சம்?

முதியோர் பயணமே கூடாது என்பது நம் கருத்தன்று. 1323-இல் ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்டபோது, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே நடந்த பிள்ளை லோகாசார்யருக்கு, நம் பெரியோர் சொல்லும் கணக்கில் நூறு வயதுக்கு மேல். ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். ஆனால் அவர் அந்த வயதுவரை தம் அநுபவத்தைத் தள்ளிவைத்துப் பின் புறப்பட்டவர் அல்லர். பெருமாளுக்கு ஆபத்து வந்த அன்று புறப்பட்டவர். திருப்புளியடியை விட்டு நகராத நம்மாழ்வாரும், திருவாய்மொழி இரண்டாம் பத்தின் இறுதியில், இளமை குன்றுமுன் திருமாலிருஞ்சோலை சேரச் சொல்கிறார். தாம் நடவாதவர், நம்மை நடக்கச் சொல்லும்போதும் வயதைக் குறிப்பிட மறக்கவில்லை.

நடக்க முடியாதவர் கதி என்ன என்று கேட்பீர்கள். அதற்கு விடை நம் ஊர்க் கடற்கரையிலேயே ஆண்டுதோறும் காணக்கிடைக்கிறது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் எழுந்தருளுகிறார். பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பதால், பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று உரிமையோடு எதிர்கொண்டு, தோளில் ஏளப்பண்ணுகிறார்கள். வர முடியாதவர்களிடம் தாமே வரும் ஸௌலப்யம் அது. அம்மா கடைசி மாசி மகத்தில் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸேவித்தாள். "பதரிக்கு நான் போகாவிட்டால் என்ன, அவர்தான் இங்கே வருகிறாரே" என்றாள். நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். வெகுகாலம் அந்தச் சொல்லை நமக்கு ஒரு விடுதலைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தது அவளுக்காக. நமக்குக் கால்கள் இருந்தன.

மருமானை மறுபடி அழைத்து முன்சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நடை திறந்திருப்பது ஆண்டில் ஆறு மாதமே. வரும் வைகாசியில் குழந்தைகளோடு போவதாக இருக்கிறான். ஞாயிறுதோறும் கணினி வழியே குழந்தைகளுக்கு அந்தத் திருமொழியைச் சந்தை சொல்லிக்கொடுக்கிறோம். சென்ற வாரம் இரண்டாம் பாசுரத்தில், கிழவர் இருமுவதையும் இளையவர்கள் சிரிப்பதையும் விளக்கிக்கொண்டிருந்தபோது நமக்கே இருமல் வந்துவிட்டது. ஏழு வயதுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தாய் அதட்டினாள். அதட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் பாசுரத்துக்குப் போனோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்