அமைதி ஓர் அறமாகுமா?

ஏனைய பந்தாட்டங்கள் பலவற்றில் பந்து விரைந்து வரும், சிந்திக்க நேரமிராது. கோல்ப் ஆட்டத்திலோ பந்து அசையாது கிடக்கிறது. ஆடுபவன் அதனருகே நின்று எண்ணுகிறான். அவ்வெண்ணமே அவனுக்குப் பகையாகிறது. முன்னைய தவறு தந்த சினமும் வரவிருக்கும் வெற்றியில் வைத்த ஆசையும் அவன் கையை இறுகச் செய்கின்றன. இறுகிய கை தவறிழைக்கிறது. எனவே, மன அமைதியே இவ்வாட்டத்தின் முதல் தேவை என்பர். ஆயின், அவ்வமைதி வெறும் ஆட்டத்திறனா, அன்றி அறமா என்பதே வினா.

அமெரிக்கரான பொபி ஜோன்ஸின் வாழ்வு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. 1921இல், தமது பத்தொன்பதாவது வயதில், ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் திடலில், மணற்குழியிற் சிக்கிய பந்தை மீட்க இயலாது சினங்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். 1925இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், அவர் அடிக்க முற்படுகையில் பந்து சிறிது அசைந்தது. வேறெவரும் அதனைக் காணவில்லை. அவரோ தம்மீது ஒரு தண்டனை அடியைத் தாமே விதித்துக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்தது. தொடர்ந்த மேலதிக ஆட்டத்தில் வில்லி மக்பர்லேன் வென்றார். அந்த ஓர் அடி இல்லையேல் கிண்ணம் ஜோன்ஸுக்கே உரியதாகியிருக்கும்.

வஞ்சகனும் அமைதியாக இருக்கலாம். நடுங்காத கை மட்டும் நற்பண்பாகாது. தனக்குப் பாதகமான உண்மையையும் கலங்காது கண்டு ஏற்கும்போதே அமைதி அறமாகிறது எனலாம். 1921இல் ஜோன்ஸ் அடைந்ததும் தோல்வி. 1925இல் அடைந்ததும் தோல்வி. எனினும், இரண்டும் ஒன்றல்ல.