அடங்காத பதினொன்று

2000 சாம்பிள்களில் 11 மட்டும் அடங்கவில்லை. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டால் என் வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது. சேர்த்தால் குளிர்ந்த முனையில் கோடு நடுங்கியது. "அரை சதவீதம்தானே, எவன் பார்க்கப் போறான்" என்றார் சீனியர். உண்மைதான், யாரும் பார்க்கமாட்டார்கள்.

விஷயம் ஸ்பின் கிளாஸ். செம்பில் கொஞ்சம் மாங்கனீஸ் கலந்தால், ஒவ்வொரு மாங்கனீஸ் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். தூரத்தைப் பொறுத்துச் சில ஜோடிகள் ஒரே திசையில் நிற்க விரும்பும், சில எதிரெதிராக. மூன்று பேரில் அ-வும் ஆ-வும் ஒரே பக்கம், ஆ-வும் இ-யும் ஒரே பக்கம், ஆனால் அ-வும் இ-யும் எதிர்ப்பக்கம் நிற்கணும் என்றால் யாரோ ஒருத்தர் கடுப்பில்தான் இருக்கணும். ஃப்ரஸ்ட்ரேஷன் என்பதே இதற்கு இயற்பியலில் பெயர்!

1975-இல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் இதை எளிய மாடலாக்கினார்கள். நான் ஓட்டியது அதில் ஒரு வகை. பக்கத்துக்குப் பத்து என ஒரு கனசதுரம், 1000 ஸ்பின்கள். ஒவ்வொரு இணைப்பும் நட்பா பகையா என்பதைக் காசு சுண்டி முடிவு செய்கிறோம். ஒரு முறை சுண்டி முடித்தால் ஒரு சாம்பிள். வெவ்வேறு அளவுக் கனசதுரங்களின் கோடுகள் ஏறக்குறைய 1.1 என்ற வெப்பநிலையில் ஒன்றையொன்று வெட்டும். அதுதான் மாறுநிலைப் புள்ளி. அதற்குக் கீழே எல்லாமே ஆமை வேகம்.

கணினியில் ஒன்று சமநிலைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ரொம்ப நேரமாக எதுவும் மாறவில்லை என்பது போதாது, பள்ளத்தில் மாட்டிக்கொண்டதும் அமைதியாகத்தான் தெரியும். 1985-இல் பட்டும் யங்கும் சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே சாம்பிளுக்கு இரண்டு பிரதிகள், தொடக்கம் மட்டும் வேறு. அவை இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை பூஜ்யத்தில் தொடங்கி ஏறும். ஒரு பிரதிக்கும் அதன் பழைய தனக்கும் உள்ள ஒற்றுமை முழுமையில் தொடங்கி இறங்கும். இரண்டும் சந்தித்தால்தான் நம்பணும். நான் பயன்படுத்தியது 1996-இல் ஹுக்குஷிமாவும் நெமோட்டோவும் தந்த முறை. குளிரில் சிக்கிய பிரதி சூடான வெப்பநிலைக்கு ஏறி, விடுபட்டு, மறுபடி இறங்கும். என் 11 சாம்பிள்களில் குளிர்ந்த பிரதிகள் ஒருமுறைகூட மேல்வரை ஏறவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஏதோ 11-ஐ எடுத்துப் போட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் நான் பொறுக்கியது மெதுவானவற்றை. ஆராய்வதே அந்த மெதுவைத்தானே! ஊரின் துக்கத்தை அளக்கப் போய், கதவைத் திறந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புகிற மாதிரி.

சரி, காத்திருப்போம். எவ்வளவு? ஸ்பெயின், இத்தாலி ஆய்வாளர்கள் காத்திருப்பதற்கென்றே ஜானுஸ் என்று ஒரு கணினியைக் கட்டினார்கள். 2008-இல் அது ஓட்டிய பத்தாயிரம் கோடிப் படிகள் நிஜ உலோகத்தில் சுமார் 0.1 விநாடிக்குச் சமம். ஆய்வகத்தில் உலோகமோ மணிக்கணக்கில் வைத்தாலும் அடங்காது. இயற்கையே சமநிலைக்கு வராதபோது என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வாதம் தோன்றியது. நல்ல வாதம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற வாதங்கள் எல்லாம் நல்லாவே இருக்கும். ஆனால் என் வரைபடத்தின் கீழே 'சமநிலை மதிப்புகள்' என்று நானே எழுதி வைத்திருந்தேன். அதை எழுதாமல் விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

ஓட்டத்தை இரட்டிப்பாக்கினேன். ஏழு அடங்கின, நாலு அடங்கவில்லை. மறுபடி இரட்டிப்பாக்க நேரமும் இல்லை, கணினியில் இடமும் இல்லை. கடைசியில் சாம்பிள்களை விடாமல் கேள்வியைச் சுருக்கினேன். 0.7-க்குப் பதிலாக 0.9 வெப்பநிலையிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். அங்கே அந்த நாலும் ஏறி இறங்கின. நான் சொல்ல ஆசைப்பட்டதில் பாதி போய்விட்டது, சீனியருக்கும் கொஞ்சம் வருத்தம்.

நாலில் ஒன்று, எண் 1437, பழைய 0.7-இலேயே என் மேசைக் கணினியில் இன்னும் ஓடுகிறது. கட்டுரைக்கு அது தேவையில்லை. காலையில் வந்ததும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான்.