தெரியாது என்ற தவம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தால் வீட்டில் கொண்டாட்டம்தான். குலதெய்வத்துக்குப் பொங்கல், பெட்டியில் பருப்புப்பொடி, விமான நிலைய வாசலில் கண்ணீரும் கைப்பேசிப் படங்களும். பட்டம் வாங்கும் நாளிலும் அதே கொண்டாட்டம் உண்டு. இடையில் ஓடும் நான்கைந்து ஆண்டுகளைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. உள்ளம் பக்குவப்படுவது அந்த ஆண்டுகளில்தான்.

அதுவரை படித்ததெல்லாம் வேறு வகைப் படிப்பு. கணக்கு கடினமாக இருக்கலாம். ஆனால் விடை என்று ஒன்று உண்டு, அது ஆசிரியருக்குத் தெரியும் என்ற நிம்மதி இருந்தது. ஆய்வில் அந்த நிம்மதி போய்விடுகிறது. வழிகாட்டியிடம் கேட்டால், "எனக்கும் தெரியாது, பார்த்துச் சொல்" என்கிறார். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு அந்தச் சொல் முதலில் பயத்தைத் தரும். யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில், யாரையும் தெரியாத ஓர் ஊரில், தனியாக உட்கார வேண்டும். துறவிகள் விரும்பி ஏற்ற நிலை இது. மாணவருக்கு இது கேட்காமலே வாய்க்கிறது.

இந்த வழியில் முன்னே நடந்தவர்களில் யுவான் சுவாங்கை நினைத்துக்கொள்ளலாம். சீனத்திலேயே கற்றறிந்த துறவி என்று பெயர் பெற்றவர். கற்ற நூல்களில் ஐயம் தீரவில்லை என்பதற்காக, எல்லை தாண்டக் கூடாது என்ற அரசாணையையும் மீறி, பாலைவனம் வழியாக நாளந்தா வந்தார். அங்கே முதியவரான சீலபத்திரரின் முன் மீண்டும் மாணவராக உட்கார்ந்து, யோகாசார பூமி சாத்திரம் என்ற பௌத்த நூலைப் பாடம் கேட்டார். அந்தச் சீலபத்திரர் வங்கத்துக்காரர். அவருடைய குருவான தர்மபாலர் பிறந்தது நம் காஞ்சிபுரத்தில் என்று யுவான் சுவாங்கே எழுதி வைத்திருக்கிறார். காஞ்சியில் பிறந்தவரின் கல்வி நாளந்தாவில் வங்கத்தவர் ஒருவருக்குப் போய், அவரிடமிருந்து சீனத்துக்குப் போனது. கல்விக்குச் சொந்த ஊர் கிடையாது. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் 'நான் இங்கே அந்நியன்' என்று மனம் சுருங்கும்போது இந்தக் குரு பரம்பரையை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு சற்று விரியும்.

திரும்பும் வழியில் சிந்து நதியில் படகு ஆட்டம் கண்டு, ஆண்டுக்கணக்கில் சேர்த்த சுவடிக் கட்டுகளில் ஒரு பகுதி வெள்ளத்தோடு போய்விட்டது. அவர் தலையில் கை வைத்து உட்காரவில்லை. ஆளனுப்பி, போன நூல்களுக்கு மறுபிரதி எடுத்து வரச் செய்தார். 645இல் தாயகம் சேர்ந்தபோது அவரிடம் 657 நூல்கள் இருந்தன. 664இல் உயிர் பிரியும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்; முடிந்தவை 75. மீதி நூல்கள் அப்படியே நின்றன. எடுத்த வேலை முழுதும் முடிந்தால்தான் வாழ்க்கை நிறையும் என்றால், யுவான் சுவாங்கின் வாழ்க்கையே நிறையாத வாழ்க்கை ஆகிவிடும். அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இன்றைய மாணவரின் சிந்து நதி வேறு வடிவத்தில் வருகிறது. ஸ்வீடனில் உப்சாலா என்றொரு ஊர்; அதன் பல்கலைக்கழகம் 1477இல் தொடங்கியது. டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்குள்ள உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தால் வெண்புகை முகத்தில் அடிக்கும். உள்ளே அட்டைப் பெட்டிகளில் விரல்நுனி அளவுக் குழாய்கள். ஒவ்வொரு மூடியிலும் பொடி எழுத்தில் ஒரு தேதி. அவற்றில் ஒன்றை எடுத்து உருக்கி, புரதத்தைப் பிரித்து, வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையைச் செய்து முடிக்க இரண்டு நாள் ஆகும். கடைசியில் திரையில் ஒரு கறுப்புக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை. வெறும் வெண்மை. மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

அந்த வெண்மையின் முன் நின்று பழகுவதுதான் சாதனை. செயலில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். பலன் கையில் கிடைத்துக்கொண்டே இருக்கும்வரை அதை நம்புவது எளிது. கை வெறுமையாக இருக்கும் நாளில் அதே கவனத்தோடு, அதே நேர்மையோடு அடுத்த குழாயை எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு தெரியாததையும் உள்ளபடி நோட்டில் எழுதிவைக்கும் கை, பொய்யைத் துறந்த கை. ஆய்வுக்கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் எழுந்து "இது எனக்குத் தெரியவில்லை" என்று குரல் நடுங்காமல் சொல்லும் நாளில் அகந்தையின் ஒரு முடிச்சு அவிழ்கிறது. மலை ஏறிப் போய்த் தேடுகிற பணிவு பலருக்கு ஆய்வுக்கூட மேசையிலேயே கிடைத்திருக்கிறது.

தனிமையும் அப்படித்தான். ஜன்னல்தோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மின்விளக்குகளை வரிசையாக வைப்பது அந்த ஊர் வழக்கம். அதே பருவத்தில்தான் நம் வீட்டுத் திண்ணைகளில் கார்த்திகை அகல்கள் எரிகின்றன. இருட்டு மிகும் மாதத்தில் விளக்கேற்ற வேண்டும் என்பது இரண்டு ஊராருக்கும் தெரிந்திருக்கிறது. பனிச் சாலையில் அறைக்குத் திரும்பும் மாணவர் ஒரு கணம் நின்று அந்த வரிசையைப் பார்த்தால் போதும். ஊர் விட்டு ஊர் வந்தாலும் விளக்கு ஒன்றுதான் என்பது புரியும். பிறகு குக்கரில் சோறு வைத்து, ஊறுகாயோடு தனியாகச் சாப்பிடும் வேளையும் அவ்வளவாகக் கசக்காது.

கசப்பது வேறு ஒன்று. அங்கே மாலை ஐந்தரை என்றால் இங்கே இரவு பத்து. தூங்காமல் காத்திருக்கும் அம்மா, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தன் மூட்டுவலியைச் சொல்லாமல் விடுவார். அந்த மௌனம் மகனுக்கும் கேட்கும். தூர தேசத்தில் படிக்கும் எவருக்கும் உள்ளூர ஓர் அச்சம் உண்டு: நள்ளிரவில் வரக்கூடிய அந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது வயது பத்தொன்பது. தாய் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். மகன் போகத்தான் வேண்டும் என்று சொன்னவர் அவரே. மறு ஆண்டு, மகன் கேம்பிரிட்ஜில் இருக்கும்போதே, அவர் காலமானார். எல்லாம் துறந்த பட்டினத்தாரும் ஆதிசங்கரரும் தாயின் ஈமக்கடனுக்கு மட்டும் வந்து நின்றார்கள் என்பது நம் மரபு. கப்பலில் வாரக்கணக்கில் வர வேண்டியிருந்த காலத்தில், இந்த மகனுக்கு அது வாய்க்கவில்லை. அவர் 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஐம்பது ஆண்டு இடைவெளி. அந்தப் பரிசு இழப்பை ஈடுகட்டியது என்று சொல்வது அபத்தம். ஒரு தாயின் சம்மதத்தை மகன் வீணாக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். தன்னைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டவர் அவர். எடுத்த வேலையில் அவர் காட்டிய ஒருமைப்பாட்டைப் பக்தர்களும் கற்றுக்கொள்ளலாம்.

உப்சாலாவில் ஒரு வழக்கம். ஆய்வேடு அச்சாகி வந்ததும், பொதுவில் அதற்கு விடை சொல்லும் நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, மாணவர் அதைப் பலகையில் வைத்துச் சுத்தியலால் ஆணி அடித்து மாட்டுகிறார். நண்பர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம், கேள்வி கேட்கலாம். இத்தனை ஆண்டு 'என் வேலை' என்று நெஞ்சோடு பிடித்திருந்தது ஓர் அடியில் ஊருக்குச் சொந்தமாகிறது. அர்ப்பணம் என்று கோயிலில் சொல்வதை அங்கே ஆணி அடித்துச் செய்கிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கும் உற்றாருக்கும் ஒரு வேண்டுகோள். அங்கிருக்கும் பிள்ளையிடம் "எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். அது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். சொல்வது புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் உடம்பைப் பற்றிய உண்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையைத் தாங்கத்தான் அந்தப் பிள்ளை அங்கே பழகிக்கொண்டிருக்கிறது.