இடைவெளியும் இம்சையும்
இலங்கையில் பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய பக்கம் போகும் ஏ18 வீதியில், கொடகவெலையைக் கடக்கும் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பிள்ளையார், முருகன், புத்தர் படங்களைக் காணலாம். அந்தப் படங்களுக்குக் கீழே இருந்துகொண்டே முன்வண்டியை ஒட்டி ஓட்டுகிறோம். மோதிவிட்டால், "வேணுமென்றா செய்தேன்?" என்கிறோம். எண்ணம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லையா? பௌத்தம் வினைக்கு வேராக எண்ணத்தை வைக்கிறது. அதைச் சாக்காகச் சொல்பவர்கள் உண்டு. சமண நூலான தத்துவார்த்த சூத்திரமோ, கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்கிறது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடிக்கு மேல் ஆகலாம். மழை நனைத்த வளைவில் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் ஐந்து மீட்டர் பின்னால் போகிறோமே, அது தற்செயல் அல்ல. அங்கே எண்ணம் இருக்கிறது. பௌத்த அளவுகோலிலும் தப்ப வழியில்லை.

இடைவெளி விட்டால் இன்னொருவன் நுழைவான் என்பார்கள். நுழையட்டும்; மீண்டும் பின்தங்கினால் சில விநாடிகள்தான் போகும். எல்லாம் தலைவிதி என்பவரும் பிரேக்கைப் பழுது பார்க்கத்தான் செய்கிறார். மனித முயற்சிக்கு இடமுண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே, முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்து இரண்டு விநாடி, மழையென்றால் நான்கு விநாடி கழித்து நீங்கள் அந்தக் கம்பத்தைக் கடந்து செல்லுங்கள். சாமி படத்துக்குப் பூ வைப்பவர்களே, இதையும் விரதமாகக் கொள்ளுங்கள்.