நிக்காஹை மறைக்கலாமா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் நம் தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் சபராளிகளின் வருகையும் தொடங்கிவிடும். முப்பது, நாற்பது நாள் விடுமுறை. அதற்குள் பெண் பார்த்தல், நிக்காஹ், வலீமா, ஐந்தருவியில் ஒரு குளியல். சாரல் ஓயுமுன் மாப்பிள்ளை விமானமேறிவிடுவார்.

சென்ற மாதம் அஸருத் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். மருமகன் லண்டனில் வேலை பார்க்கிறார். மனைவியைக் குடித்தனத்திற்கு அழைத்துக்கொள்ளும் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் கேட்கிறது அந்நாட்டுச் சட்டம். அவருக்குச் சற்றுக் குறைகிறது. அதுவரை மகள் பார்வையாளர் விசாவில் சென்று இரண்டு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்பது ஏற்பாடு. ஏஜெண்டோ, "புருஷன் அங்கே இருக்கிறான் என்று எழுதினால் மறுத்துவிடுவார்கள். கல்யாணமாகாத பெண், உறவினர் வீட்டுக்குப் போகிறாள் என்று எழுதிவிடுவோம்" என்றாராம்.

"ஹஜ்ரத், ஹலாலான பொஞ்சாதி புருஷனைப் பார்க்கத்தானே போறா? எழுதினா என்ன?" என்றார் பெரியவர்.

போவதில் குற்றமேயில்லை. இதை நாம் முதலில் சொல்லக் காரணமுண்டு. பிரிந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் பொறுமையை உபதேசிக்கும் வழக்கம், ஆலிம்களாகிய நம்மையும் சேர்த்து, பலரிடமும் இருக்கிறது. நபித்தோழர் ஒருவர் ஒரு போருக்குத் தம் பெயரைப் பதிந்திருந்தார். அவர் மனைவியோ ஹஜ்ஜுக்குப் புறப்பட்டிருந்தார். போரை விட்டு மனைவியுடன் ஹஜ்ஜுக்குச் செல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. உமர் (ரலி) அவர்களோ, கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் இரவுப் புலம்பலைக் கேட்டுத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்திற்கே வரம்பு கட்டினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நம் வீடுகளில் இரண்டு ஆண்டு சாதாரணமாகிவிட்டது!

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. நெசவு நொடித்துக் கடையநல்லூர், தென்காசி மக்கள் கப்பலேறியபோது பலர் மனைவி மக்களோடே சிங்கப்பூர் போனார்கள். தஞ்சோங் பகாரில் அப்பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். பிறகு சட்டங்கள் இறுகின. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டு கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு மலாயாவின் 1959ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் கதவை அடைத்தது. பிரிந்திருந்ததே குற்றமாயிற்று.

இனி அந்தப் பொய்க்கு வருவோம். நிக்காஹ் இரகசியமல்ல. இரண்டு சாட்சிகள், வலீமா விருந்து, ஜமாஅத் தஃப்தர் எல்லாம் ஊரறியச் செய்வதற்கே. ஊரறியச் சொன்ன உறவை ஒரு தாளில் இல்லையென்று எழுதுவதா? கணவனைப் பார்க்கப் போவது ஹலால் என்பதால் அதற்காகச் சொல்லும் பொய்யும் ஹலாலாகிவிடாது.

உலகக் கணக்கிலும் இது நஷ்டம். கணவனைப் பார்க்க ஆறு மாதம் வரையான பார்வையாளர் விசாவில் செல்வதைப் பிரிட்டிஷ் சட்டம் தடுக்கவில்லை. திரும்பி வருவாள் என்பதற்குத்தான் ஆதாரம் கேட்கிறார்கள். படிப்போ வேலையோ இங்கே இருந்தால் அதைக் காட்டலாம். அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாற முடியாது, ஊர் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏமாற்றியது தெரிந்தாலோ பத்தாண்டு வரை விசா மறுக்கப்படலாம். இன்று மணமாகாதவள் என்று எழுதியவள், நாளை மனைவி என்று விண்ணப்பிக்கும்போது அதே அலுவலகத்தில் பழைய தாளும் இருக்குமே! உண்மையை எழுதிச் சென்று, குறித்த நாளில் திரும்பியவளுக்கோ அந்தப் பயணமே பின்னால் ஒரு சாட்சி.

மஹ்ரமின்றித் தனியே விமானமேறலாமா என்பது வேறு மஸ்அலா. அதை இன்ஷா அல்லாஹ் பிறிதோர் இதழில் காண்போம்.

பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். "மறுத்துட்டா?" என்றார். மறுக்கலாம், அதை நாம் மறைக்கவில்லை. மருமகனிடமும் தொலைபேசியில் பேசினோம். மனைவி வர இயலாவிட்டால் தாமே விடுப்பெடுத்து வருவதாக வாக்களித்துள்ளார். படிவம் சென்ற வெள்ளியன்று போய்விட்டது, கணவரின் பெயரோடு. பதில் இன்னும் வரவில்லை. வாசகர்கள் துஆச் செய்ய வேண்டுகிறோம்.